ஒழுக்கு 1.3 சதவீதம், வினைத்திறன் விழுவது 2.1: மிச்சம் எங்கே போகிறது?

வடலி (நீர்வேலி)

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன், வீடு நீர்வேலி, கிழமை நாட்களில் கிளிநொச்சி அறிவியல் நகரில் தங்கல். ஆய்வுக்கு ஒரு அச்சுப் பாய்ச்சல் டேர்பைனை (காற்று தண்டின் நீளத் திசையில் போவது) எடுத்து சி.எப்.டி (பாய்ச்சலைக் கணினியில் கணித்துப் பார்ப்பது) செய்துகொண்டிருக்கிறேன், இரண்டு கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறேன், தெரிந்தவர்கள் வழி காட்டினால் பெரிய உதவி.

மொடல் இதுதான். ஒரு ஸ்டேட்டர் (அசையாமல் நின்று காற்றைத் திருப்பும் பிளேட் வரிசை), அதற்குப் பின்னால் ஷ்ரவுட் போட்ட ரோட்டர் (சுழலும் பிளேட் வரிசை), அதாவது பிளேட் நுனிகளை எல்லாம் ஒரு வளையப் பட்டை சேர்த்துக் கட்டியிருக்கும், அதற்குப் பின்னால் அடுத்த ஸ்டேட்டர். வாயு சாதாரண காற்று. பிளேட் உயரம் 50 மில்லிமீற்றர். ஷ்ரவுட்டுக்கு மேலே கேசிங்கில் (வெளி உறை) இரண்டு பல் வைத்த லேபிரிந்த் சீல் (ஒழுக்கைத் தடுக்கும் பல் வரிசை), பல் நுனிக்கும் ஷ்ரவுட்டுக்கும் இடைவெளி 0.5 மில்லிமீற்றர். பிளேட் வேகம் செக்கனுக்கு 150 மீற்றர், அச்சுத் திசை வேகம் 55. ஸ்டேட்டர் காற்றை 70 பாகைக்குத் திருப்புகிறது, ரோட்டரை விட்டு வெளியே வரும்போது காற்று கிட்டத்தட்ட நேராக வருகிறது. ரியாக்‌ஷன் 50 சதவீதம், அதாவது அமுக்க வீழ்ச்சியில் பாதி ஸ்டேட்டரில், பாதி ரோட்டரில்.

முதலில் சீல் பகுதியே இல்லாமல், ஒழுக்கே கிடையாது என்று வைத்து ஓட்டினேன். பிறகு சீல் குழியையும் (ஷ்ரவுட்டுக்கும் கேசிங்குக்கும் இடையில் உள்ள வெளி) சேர்த்து மெஷ் (கணிப்புக்கான சின்னக் கலங்களின் வலை) போட்டு ஓட்டினேன். இடைவெளி பிளேட் உயரத்தில் 1 சதவீதம்தானே, அதிலும் இரண்டு பல் தடுக்கிறது, ஒழுக்கு 0.7 போல வரும் என்று எதிர்பார்த்தால் 1.3 சதவீதம் ஒழுகுகிறது. சரி, அதை விட்டாலும், 1.3 சதவீதம் காற்று ரோட்டரில் வேலை செய்யாமல் மேலால் போனால் வினைத்திறனும் 1.3 அளவுதானே விழ வேண்டும்? எனக்கு 2.1 புள்ளி விழுகிறது. மெஷ்ஷைக் கூட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மிச்ச 0.8 எங்கே போகிறது? பிழை என்னிடமா, அல்லது உண்மையிலேயே இப்படித்தான் நடக்குமா?

பனங்கூடல்

தம்பி, இரண்டு கேள்வியும் நல்ல கேள்வி, உங்கள் எண்களும் அநேகமாகச் சரியான பக்கத்தில்தான் நிற்கின்றன. நான் யாழ்ப்பாணத்தில் படித்து வெளிக்கிட்டு இப்போது ஜெர்மனியில் இதே துறையில் வேலை செய்கிறேன், ஷ்ரவுட் ஒழுக்கோடு ஐந்தாறு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி. இடைவெளி 1 சதவீதம் என்றால் ஒழுக்கும் 1 சதவீதம் என்று நினைப்பது எல்லாரும் விழும் குழி. பிளேட்டுக்குள் போகும் காற்று சரிந்து போகிறது, அதன் அச்சுத் திசை வேகம் 55 மட்டும்தான். சீல் பல்லுக்குக் கீழே போகும் காற்றுக்கு அந்தச் சரிவு இல்லை, அமுக்க வித்தியாசம் அதை நேரே தள்ளுகிறது. உங்கள் ரோட்டரில் விழும் அமுக்கத்தை அடர்த்தியால் பிரித்தால், ரோட்டரோடு சேர்ந்து நின்று பார்க்கும் வேகம் 55இலிருந்து 160க்கு ஏறுகிறது அல்லவா, கிட்டத்தட்ட 11,250 வரும். இரண்டு பல்லும் அதைப் பாதி பாதியாகப் பங்கு போட்டால் ஒவ்வொரு பல்லுக்கும் கீழே தாரையின் வேகம் செக்கனுக்கு 106 மீற்றர். கூரான விளிம்பைத் தாண்டும் தாரை சுருங்கும், அதற்கு 0.6 என்று ஒரு குணகம் வையுங்கள். 0.6ஐ 0.5ஆலும் 106ஆலும் பெருக்கினால் 32. பிரதான பாய்ச்சல் 50 தர 55, அதாவது 2750. ஒழுக்கு 1.16 சதவீதம். உங்கள் சீல் படியில்லாத நேர்ச்சீல் (பல்லுக்கு எதிரே இருக்கும் முகம் ஒரே மட்டமாக இருப்பது) என்று நினைக்கிறேன், அதில் முதல் பல்லின் தாரை முழுவதும் அடங்காமலே இரண்டாவது பல்லுக்குப் போய்விடும், அதனால் 1.3 வருவது நியாயமே.

இதிலிருந்து இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். இடைவெளியைப் பாதியாக்கினால் ஒழுக்கு பாதியாகும், ஆனால் பல்லைக் கூட்டி ஒழுக்கைப் பாதியாக்க நான்கு மடங்கு பல் வேண்டும், ஏனென்றால் பல்லின் எண்ணிக்கை வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. 1908இல் மார்ட்டின் எழுதிய லேபிரிந்த் சமன்பாட்டிலேயே இந்த விஷயம் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி, எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒழுக்கு என்றால் எல்லாரும் "எவ்வளவு போகிறது" என்று மட்டும் கேட்கிறார்கள். போனது திரும்பி வருகிறதே, எந்தக் கோலத்தில் வருகிறது என்று கேட்க வேண்டும்.

ஸ்டேட்டரை விட்டு வரும் காற்றுக்குச் சுற்றுத் திசையில் செக்கனுக்கு 150 மீற்றர் வேகம் இருக்கிறது. பிளேட்டுக்குள் போன காற்று அந்த 150ஐயும் ரோட்டருக்குக் கொடுத்துவிட்டு நேராக வெளியே வருகிறது, வேலை என்பதே அதுதான். சீலுக்கு மேலால் போன காற்றை யார் திருப்பினார்கள்? ஒருவரும் இல்லை. பற்கள் அதன் அச்சுத் திசை வேகத்தை உடைக்கும், சுற்றுத் திசை வேகத்தில் பெரிதாகக் கை வைக்காது. ஆகவே அது கிட்டத்தட்ட அதே 150ஐயும் சுமந்துகொண்டு, நேராகப் போகும் பிரதான பாய்ச்சலுக்குள் குறுக்கால் வந்து விழுகிறது.

உயர்தரத்தில் பௌதிகவியலில் படித்த ஒட்டிக்கொள்ளும் மோதலை நினையுங்கள். சின்னத் திணிவு ஒன்று பெரிய திணிவோடு மோதி ஒட்டினால் உந்தம் காக்கப்படும், இயக்கசக்தி காக்கப்படாது. இங்கேயும் அதே கணக்கு. பிரதான பாய்ச்சலின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.013 கிலோ ஒழுக்கு, வேக வித்தியாசம் 150, அரைவாசி தர 0.013 தர 150இன் வர்க்கம், 146 ஜூல். உங்கள் கட்டம் (ஒரு ஸ்டேட்டரும் ஒரு ரோட்டரும் சேர்ந்தது) ஒரு கிலோவுக்கு எடுக்கும் வேலை 150 தர 150, அதாவது 22,500 ஜூல். 146 என்பது அதில் 0.65 சதவீதம்.

இப்போது கவனியுங்கள், உங்கள் 1.3 சரி பாதியாகப் பிரிகிறது. ஒரு பாதி பல்லுக்குக் கீழே நெரிபட்டு வெப்பமாகிப் போகிறது, மற்றப் பாதி திரும்பிக் கலக்கும்போது போகிறது. இதெல்லாம் அந்த 1.3க்கு உள்ளேதான். நீங்கள் தேடும் 0.8 இதற்கும் வெளியே, அடுத்த ஸ்டேட்டரில் இருக்கிறது. அந்த ஸ்டேட்டர் காற்று நேராக வரும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. கேசிங்கை ஒட்டி வரும் படை மட்டும் 70 பாகை சரிந்து வருகிறது, அதுவும் ஸ்டேட்டர் திருப்பப் போகிற அதே பக்கத்துக்குச் சரிந்து. படுகோணம், அதாவது காற்று பிளேட்டில் வந்து படும் கோணம், மறைப் பக்கமாக 60, 70 பாகை பிழைக்கிறது, பிளேட்டின் முதுகுப் பக்கத்தில் வந்து அடிக்கிறது. அந்த மூலையில் சுழிகள் பலக்கும், அவை உள்ளே இறங்கி நல்ல காற்றையும் கெடுக்கும். அடுத்த ஸ்டேட்டரைவிட்டு வெளியேறும் இடத்தில் என்ட்ரோபியை (இழப்பின் அளவுகோல்) உயரத்தின்படி வரைந்து பாருங்கள், ஒழுக்கு இல்லாத ஓட்டத்தையும் அதே படத்தில் போடுங்கள். மேல் ஐந்தில் ஒரு பங்கில் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

இழப்பு என்றால் அமுக்கக் குணகங்களைத் தூக்கிப்பிடிக்காமல் என்ட்ரோபி எங்கே பிறக்கிறது என்று தேடு என்று கேம்பிரிட்ஜின் ஜோன் டென்டன் 1993இல் எழுதிய நீண்ட கட்டுரை உங்கள் நூலகத்தில் கிடைத்தால் ஒழுக்குப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள்.

நாவற்குழி

அக்கா சொன்னது எல்லாம் சரி, அதற்கு முதல் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும், இதில் நானே ஒரு மாதம் இழந்திருக்கிறேன். வடலி, சீல் குழியை ரோட்டரோடு சேர்த்துச் சுழலும் பகுதியாக வைத்தீர்களா? அப்படியென்றால் மென்பொருள் அதில் இருக்கிற எல்லாச் சுவரையும் ரோட்டரோடு சேர்த்துச் சுற்றும். ஷ்ரவுட் சுற்றுவது சரி. கேசிங்கும் அதில் இருக்கிற பல்லும் நிற்க வேண்டும், அவற்றுக்கு நீங்களாக எதிர்ச் சுழற்சி கொடுத்து நிறுத்த வேண்டும். கொடுக்காவிட்டால் கேசிங்கும் 150இல் சுற்றும், காற்றைப் பிடித்து மெதுவாக்க ஒன்றும் இருக்காது, ஒழுக்கு உண்மையில் இருப்பதைவிடக் கூடிய சுழற்சியோடு வெளியே வரும், கலப்பு இழப்பும் படுகோணமும் கூடக் காட்டும்.

இன்னொன்று, ரோட்டருக்கும் அடுத்த ஸ்டேட்டருக்கும் இடையில் மிக்ஸிங் பிளேன் (சுழலும் பகுதியின் பாய்ச்சலைச் சராசரியாக்கி நிற்கும் பகுதிக்குக் கொடுக்கும் தளம்) எங்கே வைத்திருக்கிறீர்கள்? குழி வாயிலுக்குப் பின்னால் ஒட்டி வைத்தால் சுற்றுத் திசையில் இருக்கிற ஏற்றத்தாழ்வு எல்லாம் அந்த இடத்திலேயே ஒரேயடியாகச் சராசரியாகிவிடும், உண்மையில் அடுத்த ஸ்டேட்டருக்குள் போய்க் கலக்கிறதையும் அங்கேயே கலந்து முடித்த மாதிரிக் காட்டும். கொஞ்சம் தள்ளி வையுங்கள். முடிந்தால் கடைசியில் ஒரு தடவையாவது நேரத்தோடு மாறும் ஓட்டமாக ஓட்டுங்கள், கம்பஸ் கணினியில் இரண்டு மூன்று நாள் எடுக்கும், பரவாயில்லை. பல்லுக்குக் கீழே 0.5 மில்லிமீற்றருக்குள் குறைந்தது 15, 20 கலம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோண்டாவில் கிளாண்ட்

தம்பி, நான் 31 வருடம் வெளிநாட்டில் நீராவி டேர்பைன் திறந்து மூடின ஆள், இப்போது கோண்டாவிலில் வீட்டோடு இருக்கிறேன். கணினி எனக்குத் தெரியாது. ஆனால் நீர் 0.5 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறீர் பாரும், அந்த 0.5 எத்தனை நாளைக்கு 0.5 ஆக இருக்கும் என்று யோசித்தீரா?

மெசினை நிறுத்தினால் ரோட்டர் சூட்டோடு நிற்கும். கேசிங்குக்குள் மேல் பக்கம் கூடச் சூடு, கீழ் பக்கம் குறைவு, அப்படியே விட்டால் தண்டு மேல்பக்கமாக வில்லு மாதிரி வளையும். அதற்குத்தான் டேர்னிங் கியர் போட்டு மணிக்கணக்காக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு வளைவு போகமுதல் ஸ்டார்ட் பண்ணினால், பிறகு கிரிட்டிக்கல் வேகத்தை (தண்டு பலமாக அதிரும் வேகம்) தாண்டும்போது அதிர்வும் சேர்ந்தால், பல்லில் உரசும். ஒரு நிமிடம் உரசினால் போதும், கூரான பல் நுனி மழுங்கிக் காளான் மாதிரி விரியும். நான் வேலை செய்த ஒரு நிலையத்தில் 0.6 என்று வைத்து மூடின பல், அடுத்த முறை திறந்தபோது அடிப்பக்கத்தில் 1.5க்கும் மேலே நின்றது. பக்கவாட்டில் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு), அடியில் ஈயக் கம்பி வைத்து நசித்து அளந்தது, அளவில் பிழை இல்லை.

இடைவெளி கூடினது ஒரு பக்கம். மழுங்கின பல் இன்னொரு பக்கம், இதைப் பலர் கணக்கில் எடுக்கிறதில்லை. அந்தப் பிள்ளை 0.6 குணகம் என்று சொன்னது கூரான விளிம்புக்கு. விளிம்பு உருண்டால் தாரை சுருங்காது, அதே இடைவெளியால் கூட ஒழுகும். அதனால்தான் பல் மாற்றும்போது நுனி மெல்லிசாக, கூராக இருக்க வேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்ளுவோம்.

திறக்காமலே கண்டுபிடிக்கலாம். உயர் அமுக்கப் பகுதிக்குள் போகிற நீராவியின் அமுக்கம், வெப்பநிலை, வெளியே வருகிறதின் அமுக்கம், வெப்பநிலை, நாலையும் எடுத்து முந்தின வருடத்தோடு ஒப்பிட்டுப் பாரும். ஒழுக்கு கூடினால் வெளியே வருகிற நீராவி கூடச் சூடாக இருக்கும், வேலை செய்யாமல் வந்த சூடு. நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரித்தான்.

இன்னொன்று, இது எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி இல்லை. உயர் அமுக்கத்தில் பிளேட் 30, 40 மில்லிமீற்றர்தான் உயரம், அங்கே அரை மில்லிமீற்றர் என்பது பெரிய பங்கு. கடைசிக் கட்டங்களில் பிளேட் ஒரு மீற்றர் அளவில் நிற்கும், அங்கே அதே அரை மில்லிமீற்றர் ஒன்றுமே இல்லை. காசை எங்கே செலவழிக்க வேண்டும் என்று அதிலேயே தெரியும்.

சுன்னாகத்தில் இருக்கிறது டீசல் எஞ்சின், பெரிய நீராவி டேர்பைன் பார்க்க வேண்டுமென்றால் நுரைச்சோலைக்குப் போகலாம், அங்கே 300 மெகாவாட் மூன்று நிற்கிறது. கம்பஸால் கூட்டிப் போனால் தவற விடாதேயும், கேசிங் திறந்திருக்கிற நேரம் என்றால் இன்னும் நல்லது.

வடலி

பனங்கூடல் அக்கா, நாவற்குழி அண்ணா, ஐயா, மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. அண்ணா சொன்ன பிழை என்னிடம் அப்படியே இருந்தது! கேசிங் சுவர் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நிறுத்திவிட்டு ஓட்டினேன், மிக்ஸிங் பிளேனையும் தள்ளி வைத்தேன், 2.1 என்பது 1.9க்கு வந்தது. குழி வாயிலில் ஒழுக்கின் சுற்றுத் திசை வேகம் 150க்குப் பதிலாக 130 அளவில் நிற்கிறது. ஆகவே மிச்சம் 0.6 உண்மையான மிச்சம். அக்கா சொன்ன என்ட்ரோபிப் படமும் போட்டேன், மேல் பக்கத்தில் பெரிய வீக்கம் மாதிரி இருக்கிறது, ஒழுக்கில்லாத ஓட்டத்தில் அது இல்லவே இல்லை.

இந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்து அப்பாவோடு வாழைக்கு இறைக்கும்போது ஒன்றைப் பார்த்தேன், அதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வி. பெரிய வாய்க்காலில் தண்ணீர் நல்ல ஓட்டமாக ஓடுகிறது, பக்கத்தில் ஒரு சின்ன உடைப்பால் வழிந்த தண்ணீர் சுற்றி வந்து கீழே திரும்பவும் அதே வாய்க்காலுக்குள் குறுக்கே விழுகிறது. விழுகிற இடத்தில் சுழி, செம்மண் கலங்குகிறது, எதிர்க்கரை அரிபடுகிறது, பெரிய ஓட்டமும் அந்த இடத்தில் தடுமாறுகிறது. அப்பா மண்வெட்டியால் அந்தச் சின்ன வழியின் வாயை ஓட்டத்தின் பக்கமாகச் சரித்து வெட்டிவிட்டார், உடைப்பை அடைக்கக்கூட இல்லை. சுழி நின்றுவிட்டது. அதே அளவு தண்ணீர்தான் வருகிறது, ஆனால் சத்தமில்லாமல் சேர்ந்து போகிறது.

அப்படியென்றால் சீலுக்குப் பின்னால், ஒழுக்கு திரும்பி வரும் வாயிலில், சின்னத் தகடுகள் வைத்து அதன் சுழற்சியைத் திருப்பிவிட்டால் அந்த 0.6இல் ஒரு பகுதியையாவது மீட்கலாம்தானே? இதை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? இரண்டாவது, ஸ்டேட்டருக்குக் கீழே, தண்டுப் பக்கத்திலும் ஒழுக்கு இருக்கிறது, அதை நான் மொடலில் எடுக்கவே இல்லை. அது இதே மாதிரித்தானா?

பனங்கூடல்

தம்பி, உங்கள் அப்பா மண்வெட்டியால் செய்ததைத்தான் கேம்பிரிட்ஜில் செய்து பார்த்தார்கள், முதல் தடவை அது படுதோல்வி. அதைத்தான் நான் எல்லா மாணவர்களுக்கும் முதலில் சொல்கிறேன்.

டென்டனும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட பரிசோதனை அது. நான்கு கட்ட ஆய்வு டேர்பைனில், ஷ்ரவுட்டுக்கு மேலால் போகும் ஒழுக்கைத் திருப்பி, திருப்பும்போதே அதிலிருந்தும் வேலை எடுத்துவிடலாம் என்று வடிவமைத்தார்கள். ஓட்டி அளந்தால் வினைத்திறன் 3.5 சதவீதம் குறைந்துவிட்டது. கூடவில்லை, குறைந்தது! ஏன் என்று தேடியபோதுதான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. ஷ்ரவுட் குழிக்கு முன்னும் பின்னும் அச்சுத் திசையில் இடைவெளி இருக்கும் அல்லவா, ரோட்டர் பிளேட்டுகளைச் சுற்றி அமுக்கம் ஏறி இறங்குவதால் அந்த இடைவெளி வழியாகப் பிரதான பாய்ச்சல் குழிக்குள் போய்ப் போய் வருகிறது, மூச்சு விடுவது போல. சீலைத் தாண்டி ஒரு துளி போகாவிட்டாலும் இந்தப் போக்குவரத்து நடக்கும், ஒவ்வொரு தடவையும் இழப்பு உண்டாகும். இன்னும் மோசம், ஒழுக்கைக் குறைக்கக் குறைக்க இந்த மூச்சு கூடியது. ஒழுக்குக் குறைந்தால் எல்லாம் நல்லது என்று நினைத்துக் குழியை மறந்துவிட்டால் இதுதான் நடக்கும்.

ஆகவே உங்கள் மொடலில் குழி வாயில்களின் அச்சு அகலம் எவ்வளவு என்று பாருங்கள். உண்மையான மெசினில் ரோட்டர் சூட்டில் முன்னும் பின்னும் நகரும், அதனால் அந்த இடைவெளியை ஆசைப்பட்டபடி அடைக்க முடியாது, கிளாண்ட் ஐயாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தேவைக்கு மேல் அகலமாக விடுவதில் ஒரு நன்மையும் இல்லை.

பிறகு 2008இல் அதே ஆய்வுக்கூடத்தில் வேறு வழியாகப் போனார்கள். தகடுகளைக் கேசிங்கில், கடைசிப் பல்லுக்குப் பின்னால் நிலையாக வைத்து, ஒழுக்கைப் பிரதான பாய்ச்சலின் திசைக்குத் திருப்பிவிட்டார்கள். மூன்று கட்ட மொடல் டேர்பைனில் வினைத்திறன் 0.4 சதவீதம் கூடியது. 0.4 சின்ன எண் மாதிரித் தெரியும், ஆனால் பிளேட் வடிவத்தில் எவ்வளவோ வருடம் உழைத்தும் 0.1, 0.2 என்று பிடுங்கும் துறையில் அது பெரிது. நீங்கள் செய்ய வேண்டியது இந்த வடிவம்தான். தகட்டின் நுழைவுக் கோணத்தை நீங்கள் இப்போது அளந்த 130ஐ வைத்துத் தீர்மானியுங்கள், சுவர் பிழையாக இருந்தபோது வந்த 150ஐ வைத்து அல்ல. நாவற்குழித் தம்பி சொன்ன திருத்தம் இல்லாமல் தகடு போட்டிருந்தால் தகடே பிழையான கோணத்தில் நின்றிருக்கும்.

தண்டுப் பக்கம். அங்கே கதை தலைகீழ், முடிவு ஒன்றுதான். ஸ்டேட்டருக்குக் கீழால் ஒழுகும் காற்றை ஸ்டேட்டர் திருப்பவில்லை, ஆகவே அது சுழற்சி இல்லாமல் வருகிறது, அல்லது தண்டு இழுத்த அளவுக்கு மட்டும் சுழல்கிறது. பிரதான பாய்ச்சல் 150இல் சுழன்றுகொண்டிருக்கும் இடத்தில் இது மந்தமாக நுழைகிறது. ரோட்டரோடு சேர்ந்து ஓடும் ஒருவர் பார்த்தால் இந்தக் காற்று எதிர்ப்பக்கமாக வேகமாகப் பின்னால் போவது போல இருக்கும், ஆகவே ரோட்டர் பிளேட்டின் அடியிலும் மறைப் படுகோணம், முதுகுப் பக்க அடி, அடிச் சுழி பலத்தல். வாயு டேர்பைன்களில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் சூடான வாயு ரோட்டர் பிளேட்டுகளைத் தாங்கும் டிஸ்க் பக்கம் போகாமல் இருக்க அங்கே வேண்டுமென்றே குளிர்ந்த காற்றை வெளியே ஊதுகிறார்கள். அதை நிறுத்தவே முடியாது, நிறுத்தினால் டிஸ்க் வெந்துபோகும். அங்கே செய்யக்கூடியது, அந்தக் காற்றைச் சுழற்சியோடு ஊதிவிடுவதுதான்.

கோண்டாவில் கிளாண்ட்

அந்தப் பிள்ளை தண்டுப் பக்கம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இம்பல்ஸ் வகை மெசினில் அமுக்கம் பெரும்பாலும் ஸ்டேட்டரில்தான் விழும், ரோட்டருக்கு இரு பக்கமும் அமுக்கம் கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே நுனியால் ஒழுகத் தள்ளுகிறதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் டயாபிரத்துக்கு (ஸ்டேட்டர் பிளேட்டுகளைத் தாங்குகிற நிலையான தட்டு) இரு பக்கமும் பெரிய வித்தியாசம், தண்டுப் பக்கச் சீல் முழுச் சுமையும் தாங்க வேண்டும். நல்ல காலம், அங்கே விட்டம் சின்னது, அதே இடைவெளிக்கு வழி குறைவு. பல்லும் கூடப் போட இடம் இருக்கும். ரியாக்‌ஷனில் நுனியிலும் அடியிலும் இரண்டிலும் தள்ளும், நீர் எடுத்திருக்கிறது அந்த வகை, அதனால் அடியையும் மொடலில் சேர்க்காமல் முடிக்காதேயும்.

அச்சுத் திசை நகர்வு பற்றி அந்தப் பிள்ளை சொன்னது சரி. குளிரில் நிற்கிற இடம் ஒன்று, சூடேறி ஓடுகிற இடம் வேறு, நீளமான ரோட்டரில் பல மில்லிமீற்றர் வித்தியாசம் வரும், கேசிங்கும் ரோட்டரும் ஒரே வேகத்தில் சூடேறாது. படி வைத்த சீலில் பல்லு படிக்கு நேரே வரவேண்டிய இடத்தில் வராமல் போகிறதும் அதனால்தான். நேர்ச்சீலில் அந்தக் கரைச்சல் இல்லை, ஆனால் ஒழுக்குக் கூட. எல்லாம் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கிறதுதான்.

தம்பி, என்னிடம் மாற்றிப்போட்ட சீல் துண்டு இரண்டு இருக்கிறது, ஒன்று உரசித் தேய்ந்தது, ஒன்று புதிதாகப் போட்டு மிஞ்சினது. சனி, ஞாயிறு வீட்டில்தான் இருக்கிறேன், தனி மடலில் எழுதும், வந்து கையில் எடுத்துப் பாரும்.

வடலி

நேற்று ஐயா வீட்டுக்குப் போய் வந்தேன், ஒன்றரை மணித்தியாலம் அந்த இரண்டு துண்டையும் வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். படத்தில் பார்ப்பதற்கும் கையில் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! புதிய துண்டின் நுனியில் விரல் வைத்தால் கத்தி மாதிரி இருக்கிறது. தேய்ந்த துண்டின் நுனி ஒரு பக்கமாக உருண்டு, பக்கத்துப் பல்லைத் தொடும் அளவுக்கு மடிந்திருக்கிறது, உரசின இடம் நீலமாகவும் கருப்பாகவும் எரிந்த நிறம். ஐயாவின் மைக்ரோமீற்றரால் அளந்தோம், நுனித் தடிப்பு புதியதில் 0.3 மில்லிமீற்றர், தேய்ந்ததில் 1.1.

என் மொடலில் பல்லுக்கு 0.3 நுனி, விளிம்பு ஊசி மாதிரிக் கூர். வாயில் அகலத்தையும் பார்த்தேன் அக்கா, முன்னால் 6, பின்னால் 8 மில்லிமீற்றர், ஏன் அப்படி வைத்தேன் என்று எனக்கே காரணம் சொல்ல முடியவில்லை. இன்றிரவு அதை இரண்டு பக்கமும் 4 ஆக்கி ஒரு ஓட்டம் போட்டிருக்கிறேன். அது முடிந்ததும் இடைவெளியை 0.5இலேயே வைத்துக்கொண்டு விளிம்பை மட்டும் உருட்டி இன்னொன்று, பிறகுதான் தகடு. தண்டுப் பக்கச் சீலுக்கும் வரைபடம் தொடங்கிவிட்டேன், ஐயா கடதாசியில் கீறித் தந்த அளவுகளை வைத்து. மூன்று ஓட்டமும் முடிய அடுத்த கிழமை ஆகும், எண்களை இங்கேயே போடுகிறேன்.